ருசி பார்க்காத சாஸ்

கொஞ்சம் கால மடக்கிக்கங்க தம்பி. இந்த டப்பா சாயக் கூடாது. ஆங், போதும் போதும். மடியிலயே வச்சுக்கறேன். கீழ வச்சா இந்த ரோடு குலுக்குற குலுக்குல மூடி தெறிச்சுக்கும். உள்ள சாஸு இருக்கு. பஜ்ஜிக்குத் தொட்டுக்கற சாஸுன்னு நெனச்சுக்காதீங்க, இது பாஸ்தாவுக்கு ஊத்துறது. மேல் அடுக்குல பாஸ்தா, கீழ் அடுக்குல சாஸு. நானே செஞ்சது.

சிரிக்கிறீங்க பாருங்க. சிரிங்க, சிரிங்க. எங்க தெருவே சிரிக்குது, தெய்வசிகாமணி ரிட்டயர் ஆகி அடுப்படியில புகுந்துட்டான்னு. முப்பத்தி நாலு வருசம் கரண்ட் ஆபீஸ்ல இருந்தேன் தம்பி. லைன்மேனாச் சேந்து லைன் இன்ஸ்பெக்டரா வெளிய வந்தேன். கம்பம் ஏறுன கை. அந்தக் கையில இப்ப கரண்டி. என்ன பண்றது, என் தலையெழுத்து.

தம்பி எங்க, பொள்ளாச்சியா? நான் கோயமுத்தூரு போறேன். ஒட்டன்சத்திரத்துல ஏறும்போது என்கூட ஒரு பொண்ணு ஏறுச்சே, பாத்தீங்களா? அந்தா, முன்னாடி மூணாவது சீட்டு, ஊதா சுடிதார். என் பொண்ணுதான். மங்கையர்க்கரசி. அரசின்னு கூப்பிடுவேன். ஒரே பொண்ணு. என் பக்கத்துல உக்காரும்மான்னேன், முன்னாடி உக்காந்தாத்தான்பா வாந்தி வராதுன்னு போயிட்டா. அவ பெட்டி இந்தா என் காலுக்கடியில இருக்கு. மாப்ள வீட்டுல கொண்டு போயி விடப் போறேன். மூணாவது தடவ.

ஆமா, மூணாவது தடவ. கல்யாணம் ஆகி ஒரு வருசம் முழுசா முடியல. இந்தத் தடவ மாப்ள போன்ல சொல்லிட்டாரு. "மாமா, இதுதான் கடைசி. இன்னொரு தடவ உங்க பொண்ணு பெட்டியத் தூக்கிக்கிட்டு அங்க வந்தா, அங்கயே வச்சுக்கங்க"ன்னு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. அதான் நானே செஞ்சு, நானே கொண்டு போயி, நானே அவரு தட்டுல வச்சு, பாருங்க மாப்ள, பக்குவம் வந்துருச்சு, அரசிக்கும் சொல்லிக் குடுத்தாச்சுன்னு சொல்லி விட்டுட்டு வரலாம்னு கெளம்பிட்டேன்.

என்ன பிரச்னைன்னு கேளுங்க. நீங்க கேக்காட்டியும் நான் சொல்லத்தான் போறேன், உள்ள வச்சு வச்சு நெஞ்சு கனத்துப் போச்சு. பிரச்னை இந்தப் பாஸ்தாதான் தம்பி. சத்தியமா. வேற ஒண்ணுமே கிடையாது.

மாப்ள நவநீதன் தங்கமான மனுசன். பம்பு கம்பெனியில எஞ்சினியரு. குடி கிடையாது, சிகரெட்டு கிடையாது. கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு வருசம் ஜெர்மனியில இருந்தாரு. அங்க தனியாப் பொங்கித் தின்ன பழக்கம், சாயங்காலம் வேலை விட்டு வந்தா பாஸ்தாதான் வேணும். அவங்க அப்பா அம்மா ஈரோட்டுல இருக்காங்க. கோயமுத்தூர்ல இவங்க ரெண்டு பேரு மட்டும்தான், ஒரு அபார்ட்மெண்ட்டுல. மாமியா தொந்தரவா, நாத்தனா தொந்தரவா, ஒண்ணும் கிடையாது. அவருக்குக் கோவம் மட்டும் கொஞ்சம் வரும். யாருக்குத்தான் வரல? எனக்கு வராதா?

கல்யாணம் முடிஞ்சு மொத ஆடிக்குப் பொண்ண அழைச்சுட்டு வரப் போனேன். சீர்த் தட்டும் கையுமா வாசல்ல நிக்கிறேன், மாப்ள கதவத் தொறந்தாரு. "வாங்க மாமா"ன்னு சொல்லல. "மாமா, பொண்ண இவ்வளவு படிக்க வச்சீங்களே, ஒரு பாஸ்தா வேக வைக்கச் சொல்லிக் குடுத்தீங்களா?"ன்னாரு. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாரு. நானும் சிரிச்சேன். அரசி பின்னால நின்னா, அவ சிரிக்கல.

எனக்குச் சுருக்குன்னு தச்சுருச்சு தம்பி. ஏன்னா அது உண்மை. அவ அம்மா வடிவு தவறும்போது அரசி பன்னெண்டாவது படிச்சுக்கிட்டு இருந்தா. அடுப்படிப் பக்கமே நான் அவள விடல. நீ படி ஆத்தா, நான் பாத்துக்கறேன்னு ஓட்டல்ல வாங்கிப் போட்டேன், இல்லேன்னா நானே ஒரு ரசத்த வச்சு எறக்குவேன். அப்படியே பி.காம் முடிக்க வச்சேன். தாயில்லாத பொண்ணுக்குச் சமையல் வரல. அது என் தப்பு. அப்ப நான்தான சரி பண்ணணும்?

எங்க வேலையில ஒரு முறை உண்டு. ஒரு வீட்டுல கரண்ட் இல்லேன்னு புகார் வந்தா, மொதல்ல தெருவுல மத்த வீட்டுல எரியுதான்னு பாப்போம். எரிஞ்சா, ஃபால்ட்டு அந்த வீட்டுக்குள்ளதான். ஃபியூஸ்ல ஆரம்பிச்சு ஒவ்வொரு சுவிட்ச்சா, ஒவ்வொரு ஒயரா பாத்துக்கிட்டே போனா எங்கயாச்சும் ஒரு எடத்துல சிக்கிரும். சிக்காத ஃபால்ட்டு கிடையாது. பொறுமைதான் வேணும். மாப்ளைக்கு ஆபீஸ்ல நல்ல பேரு, அபார்ட்மெண்ட்டுல நல்ல பேரு, வாட்ச்மேன் கூடக் கையெடுத்துக் கும்பிடுறான். ஊருக்கே நல்லவரா இருக்காரு. அப்ப ஃபால்ட்டு எங்க பக்கந்தான? நான் அப்படித்தான் எறங்குனேன்.

ஆடி மாசம் பூரா எங்க வீட்டுல இதே வேலை. மொத நாளு குக்கர்ல போட்டு மூணு விசில் விட்டேன். தொறந்து பாத்தா களி. கரண்டிய நட்டா நிக்குது. அரசி எட்டிப் பாத்தா, அம்புட்டு நாளைக்கு அப்புறம் சிரிச்சா தம்பி. வயித்தப் புடிச்சுக்கிட்டு, தரையில உக்காந்து, கண்ணுல தண்ணி வரச் சிரிச்சா. எனக்கு அந்தக் களியே போதும்னு இருந்துச்சு. மறுநாளு கடுகு, உளுந்து, கருவேப்பிலை போட்டுத் தாளிச்சேன். "அப்பா, இது உப்புமாப்பா"ன்னா.

அப்புறம் போன்ல வீடியோ போட்டுப் பாத்துப் பாத்துப் பழகுனோம். சும்மா இல்லை தம்பி, அது ஒரு பக்குவம். அகலச் சட்டியில தண்ணி தளதளன்னு கொதிக்கணும். உப்பு கையள்ளிப் போடணும். மூடி போடக் கூடாது. ஒம்பது நிமிசம் ஆனதும் ஒண்ண எடுத்து நகத்தால கிள்ளுனா நடுவுல ஊசிமுனை அளவு வெள்ளை தெரியணும். அப்பவே வடிச்சுரணும். வடிக்கிற தண்ணியில ஒரு கரண்டி எடுத்து வச்சுக்கணும், அதுல ஒரு கஞ்சிப் பசை இருக்கு பாருங்க, அது சேந்தாத்தான் சாஸு பாஸ்தாவுல ஒட்டும். இல்லேன்னா பாஸ்தா தனி, சாஸு தனி, ஆளுக்கொரு பக்கம் நிக்கும்.

கடிச்சுப் பாக்க வேண்டியதுதானேங்கறீங்களா? நல்லாக் கேட்டீங்க. நான் வாயில வைக்க மாட்டேன் தம்பி. எங்க வீட்டு வழக்கம் அது. புரட்டாசி சனிக்கிழமை படையலுக்கு வடிவு வாயில துணியக் கட்டிக்கிட்டுத்தான் சமைப்பா. உப்புக்கூடப் பாக்க மாட்டா, எல்லாம் கைக்கணக்கு. சாமிக்கு வைக்கறதுல மனுச வாய் படலாமா? எனக்கு மாப்ளையும் அப்படித்தான். என் பொண்ணு வாழ்க்கை அவரு கையில இருக்கு. அவருக்குன்னு செய்யறத நான் எச்சி பண்ணக் கூடாது. பழகறப்பவும் அப்படியே பழகிட்டேன். இந்த நிமிசம் வரைக்கும் இந்தச் சாஸுல ஒரு சொட்டு என் நாக்குல பட்டதில்லை.

செஞ்சதெல்லாம் எதுத்த வீட்டுப் புள்ளைகளுக்குப் போயிரும். தட்ட நக்கிட்டுத்தான் குடுக்குங்க. தாத்தா, நாளைக்கும் உண்டான்னு கேக்கும். அரசி தொட மாட்டா. எனக்கு ரசஞ்சோறு போதும்பான்னு ஒதுங்கிருவா. அந்த வாடையே அவளுக்கு ஆகல. பாஸ்தா கொதிக்கிற வாடை வந்தாப் போதும், வாசலுக்குப் போயி நின்னுக்குவா.

அந்தா மலை தெரியுது. முருகா. ஒரு நிமிசம் தம்பி, கும்பிட்டுக்கறேன். இந்தத் தடவையாவது அவ அங்க நெலச்சு இருக்கணும்டா அப்பா.

ஆவணியில கொண்டு போயி விட்டேன். தெனமும் சாயங்காலம் மாப்ளைக்குப் போன் போடுவேன். "இன்னைக்கு எப்படி மாப்ள?"ன்னு. "உப்பு கரிக்குது மாமா"ம்பாரு. நான் உடனே அரசிகிட்ட அளவக் குறைக்கச் சொல்லுவேன். மறுநாளு "சப்புன்னு இருக்கு மாமா." ஏத்தச் சொல்லுவேன். "வெந்தது பத்தல." "குழைஞ்சு போச்சு." ஒரு நோட்டுப் போட்டுத் தேதி வாரியா எழுதி வச்சேன் தம்பி, எங்க ஆபீஸ்ல புகார் எழுதுற மாதிரியே. ஒரு நாளு உக்காந்து அரசிகிட்ட என்ன அளவு போட்டேன்னு கேட்டுக் கேட்டு ஒத்துப் பாத்தா, செவ்வாக்கிழமையும் புதன்கிழமையும் ஒரே உப்பு. ஒரே நிமிசம். செவ்வாக்கிழம கரிச்சிருக்கு, புதன்கிழம சப்புன்னு இருந்திருக்கு. எனக்குத் தலை சுத்திருச்சு. சரி, நாக்குதான, ஒரு நாளப் போல ஒரு நாளு இருக்காதுன்னு விட்டுட்டேன்.

கார்த்திகையில தனியா வந்து நின்னா. காலங்காத்தால, கையில ஒரு பை. என்ன ஆத்தான்னேன். "வெள்ளை சாஸ் கட்டி தட்டிருச்சுப்பா"ன்னா. அம்புட்டுதான். நான் கட்டி தட்டறதுக்கு வைத்தியம் தேட ஆரம்பிச்சுட்டேன். அது சுலபந்தான் தம்பி. வெண்ணெய உருக்கி மைதாவப் போட்டு, பச்சை வாடை போற வரைக்கும் சின்னத் தீயில வறுக்கணும். செவக்கக் கூடாது. அப்புறம் ஆறுன பால ஒரு கரண்டி ஊத்திக் கலக்கு, கரைஞ்சதும் இன்னொரு கரண்டி. அவசரப்பட்டு மொத்தமா ஊத்துனா கட்டிதான். ராகிக்கூழு கிண்டுற கைக்கு அது வந்துரும். மிளகுப் பொடியும் ஜாதிக்காயும் கடைசியில ஒரு சிட்டிகை. தை மாசத்துக்குள்ள அரசி கையில வெண்ணெய் மாதிரி வழிஞ்சு எறங்குச்சு. பாத்தியா, இவ்வளவுதான் விசயம், இதுக்கா இவ்வளவு ரோதனைன்னு நான் சிரிச்சேன். அவ சட்டியக் கழுவிக்கிட்டு இருந்தா.

தையில கொண்டு போயி விட்டப்ப அவங்க ஹால்ல சுவத்துல ஒரு கறை. வெள்ளைச் சுவத்துல செவப்பா, இந்தா, என் தலை ஒசரத்துல, அங்க அடிச்சுக் கீழ வரைக்கும் ஒழுகிக் காஞ்சு கெடக்கு. என்ன மாப்ள இதுன்னேன். சாஸு கொட்டிருச்சு மாமான்னாரு. அடுப்படியில கொட்டலாம், மேசையில கொட்டலாம். ஹால் சுவத்துல தலை ஒசரத்துல எப்படிக் கொட்டும்னு ஒரு நிமிசம் நெனச்சேன். நெனச்சேன், இல்லேன்னு சொல்ல மாட்டேன். அப்புறம், போன எடத்துல நாம எதையாச்சும் கேட்டு, அது ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆகி… நான் கடைக்குப் போயி ஒரு டப்பா பெயிண்ட் வாங்கியாந்து, வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு நானே அடிச்சு விட்டுட்டு வந்தேன். சுவரு பளிச்சுன்னு ஆயிருச்சு. மாப்ள கூட, "மாமாவுக்கு எல்லா வேலையும் தெரியுதே"ன்னாரு. எனக்கு அது பெருமையா இருந்துச்சு தம்பி. வெக்கத்த விட்டுச் சொல்றேன், பெருமையா இருந்துச்சு.

தம்பிக்குக் குழந்தைங்க? ஒரு பொண்ணா. ஒண்ணாப்பு படிக்குதா. நல்லா இருக்கட்டும்.

இந்தப் பங்குனியில மூணாவது வாட்டி வந்தா. இந்தத் தடவ தக்காளி சாஸு புளிச்சுருச்சாம். தக்காளி எங்க ஊரு சரக்கு தம்பி, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுல மலை மாதிரி குவிச்சுக் கெடக்கும். எனக்கா தக்காளி தெரியாது? நாட்டுத் தக்காளி புளிக்கும். சதையா நீளமா இருக்குற பெங்களூர்த் தக்காளிதான் இதுக்குச் சரி. அடியில கத்தியால கூட்டல் குறி கிழிச்சு, கொதிக்கிற தண்ணியில போட்டு எடுத்தா தோலு தானா உரிஞ்சு வந்துரும். பூண்டு எண்ணெயில பொன்னிறம் ஆகறதுக்கு முன்னாடியே தக்காளியப் போட்டுரணும். பூண்டு கருகுச்சோ, மொத்தமும் கசப்பு. ஒரு துளி சக்கரை. சின்னத் தீயில முக்கா மணி நேரம். எண்ணெய் பிரிஞ்சு ஓரத்துல நிக்கணும்.

அப்படி ஒரு நாளு உக்காந்து தக்காளித் தோலு உரிச்சுக்கிட்டு இருக்கேன். அரசி பக்கத்துல வந்து உக்காந்தா. "அப்பா, நான் இங்கயே இருந்துக்கட்டாப்பா"ன்னா. மெதுவாத்தான் கேட்டா. நான் காதுல விழாத மாதிரி உரிச்சுக்கிட்டே இருந்தேன். என்ன தம்பி சொல்றது? எங்க அக்கா தெனமும் போன் போட்டு, வாழாவெட்டிய வீட்டுல வச்சுக்கிட்டு இருக்கியான்னு கேக்குறா. எனக்கும் அறுவத்தி மூணு ஆச்சு, நான் போயிட்டா அவளுக்கு யாரு? அவ ஒரே ஒரு தடவதான் கேட்டா. அப்புறம் அவளும் ஒரு தக்காளிய எடுத்து உரிக்க ஆரம்பிச்சுட்டா.

அவ சிநேகிதி ஒருத்தி, மலர்க்கொடின்னு, காலேஜுல கூடப் படிச்சது. இங்கதான் உடுமலையில ஒரு மில்லுல கணக்கெழுதுது, ஹாஸ்டல்ல இருக்கு. அது போன்ல, "வந்துருடி, மில்லுல ஆள் எடுக்குறாங்க, என் ரூம்லயே இருந்துக்கலாம்"னுச்சு. நான் போன வாங்கி நல்லாத் திட்டி விட்டுட்டேன். குடும்பத்தக் கெடுக்க வந்தியான்னு. பாவம் அந்தப் புள்ள. "நீங்க அவ கழுத்தப் பாத்தீங்களாப்பா?"ன்னு மட்டும் கேட்டுட்டு வச்சுருச்சு.

இந்தா, பேச்சோட பேச்சா உடுமலை பஸ் ஸ்டாண்டே வந்துருச்சு. பத்து நிமிசம் நிப்பான். தம்பி எறங்குறீங்களா? டீ வேணாமா? ஜன்னலோரம் காத்தா இருக்கு, உக்காருங்க.

அந்தா, அரசி வர்றா. என்ன ஆத்தா? பாத்ரூமா? சரி, போயிட்டு வா. எனக்கு டீ வேணாம் ஆத்தா. என்னது? மாத்திரையா? என் பையில சைடு ஜிப்புலயா? சரி சரி, போட்டுக்கறேன், நீ சுருக்கா வந்துரு, பஸ்ஸ எடுத்துருவான். சரி ஆத்தா, சரி. தோள விடு, டப்பா சாயுது பாரு.

பாத்தீங்களா தம்பி? எத்தன கவல இருந்தாலும் என் மாத்திரைய மறக்க மாட்டா. அது ஒண்ணு போதும் எனக்கு.

கழுத்த நான் பாக்காம இல்லை தம்பி. பங்குனியில வந்து ரெண்டு நாளு கழிச்சு, தலை குளிச்சுட்டு முடிய அள்ளி முடிஞ்சா. பின்கழுத்துல இங்கருந்து இங்க வரைக்கும், தோலு வழண்டு, செவந்து, புண்ணு ஆறிக்கிட்டு இருக்கு. என்ன ஆத்தான்னு பதறிட்டேன். "வடிக்கிறப்ப சுடுதண்ணி பட்டுருச்சுப்பா"ன்னா. நானும் மறுநாளே பாத்திரக் கடைக்குப் போயி, ரெண்டு பக்கமும் கைப்பிடி வச்ச ஓட்டைப் பாத்திரம் ஒண்ணு வாங்கியாந்தேன். இனிமே தட்ட வச்சு வடிக்காத ஆத்தா, இதுல கொட்டிட்டா கையில படாதுன்னு சொன்னேன். அந்தப் பாத்திரம் இந்தப் பெட்டியிலதான் இருக்கு.

கை. கையில படாதுன்னுதான் சொன்னேன்.

நான் காயம் தெரியாதவன் இல்லை தம்பி. எத்தன பேரக் கம்பத்துல இருந்து எறக்கியிருக்கேன். காயத்தப் பாத்தே அவன் எந்தப் பக்கம் நின்னான், எந்தக் கைய நீட்டுனான்னு சொல்லிருவேன். பெரிய ஆபீசருங்களே என்னைக் கூப்பிட்டுக் கேப்பாங்க. சட்டியக் கையில வச்சு வடிக்கிறவளுக்குச் சுடுதண்ணி எங்க படும்? விரல்ல படும். மணிக்கட்டுல படும். மிஞ்சிப் போனா காலு மேல கொட்டும். பின்கழுத்துல… குனிஞ்சிருப்பா. சட்டிய மேல இருந்து எறக்கியிருப்பா. வழுக்கியிருக்கும். நானும் தெனமும் படுத்துக்கிட்டு, அவ எப்படி நின்னிருந்தா அங்க படும், எப்படி நின்னிருந்தா அங்க படும்னு நெனச்சு நெனச்சுப் பாக்குறேன். ஒரு மாதிரி நின்னாத்தான் படுது தம்பி. அவ குனிஞ்சு இருக்கணும், பின்னால வேற யாராச்சும்…

விடுங்க. பஸ்ஸ எடுத்துட்டான். காத்து வருது. இன்னும் அரை மணியில உங்க ஊரு வந்துரும்.

ஊதா சுடிதார் தெரியலையே. அந்தம்மா யாரு, கூடைய வச்சுக்கிட்டு, அது என் பொண்ணு சீட்டாச்சே? ஏம்மா, அங்க ஒரு பொண்ணு இருந்துச்சே? காலியா இருந்துச்சா? கண்டக்டர்! ஏங்க, நிறுத்துங்க, விசில் அடிங்க, என் பொண்ணு ஏறல! நிறுத்துங்க!

என்ன தம்பி, கையப் புடிக்கிறீங்க?

பாத்தீங்களா? நீங்க பாத்தீங்களா? ஜன்னல் வழியாவா? ஆட்டோவுல ஏறுனாளா? கூட இன்னொரு பொண்ணா… கண்ணாடி போட்டிருந்துச்சா? அது மலர்க்கொடி. நீங்க ஏன் தம்பி அப்பவே சொல்லல? நான் உங்க பக்கத்துல உக்காந்து என் குடலையே உருவிக் காட்டிக்கிட்டு இருக்கேன், நீங்க பாத்துட்டுச் சும்மா இருந்தீங்களா?

அவ உங்களப் பாத்து, சொல்ல வேணாம்னு தலைய ஆட்டுனாளா?

கும்பிட்டாளா?

இருங்க கண்டக்டர் சார், ஒரு நிமிசம். கோவிச்சுக்காதீங்க. எல்லாரும் கத்தாதீங்கப்பா, ஒரு நிமிசம் குடுங்க, எனக்கு ஒண்ணும் ஓடல. எறங்கி ஓடுனா புடிச்சுரலாம். ஹாஸ்டல் எதுன்னு விசாரிச்சா தெரிஞ்சுரும். கையப் புடிச்சு இழுத்தா வந்துருவா தம்பி, எம்பொண்ணு எதுத்துப் பேச மாட்டா. இழுத்தா வந்துருவா. ரெண்டு தடவையும் அப்படித்தான வந்தா.

போலாம் சார். நீங்க விசில் குடுங்க. ஆளு வராது.

போன் அடிக்குது. மாப்ளதான். ஒம்பது மணிக்கே கூப்பிட்டாரு, எங்க வர்றீங்கன்னு. அடிக்கட்டும்… இல்லை, எடுத்துர்றேன். மடியில டப்பா இருக்கு, அந்தப் பச்சைய நீங்க தள்ளி விடுங்க தம்பி. ஆங், மாப்ள. உடுமலை தாண்டிட்டோம். தாண்டிட்டேன். அரசி இல்லை மாப்ள. எறங்கிட்டா. இல்லை, அவ ஓடிப் போகல. நான்தான் எறக்கி விட்டேன். ஆமா, நான்தான். ஆமா மாப்ள, எனக்குப் புத்தி கெட்டுப் போச்சு. நீங்க சொன்னீங்கள்ல, அங்கயே வச்சுக்கங்கன்னு. வச்சுக்கறேன்.

கத்துறாரு. நீங்களே கேளுங்க, இவ்வளவு தள்ளி வச்சாலும் கேக்குது. அணைச்சு விட்டுருங்க தம்பி, எனக்கு அணைக்கத் தெரியல.

நான் பொய் சொல்லிட்டேன். நான் எறக்கி விடல. எனக்கு அம்புட்டு தைரியம் இருந்திருந்தா ஆடியிலயே… நான் கடைசி வரைக்கும் அவள அங்க கொண்டு போயி விடத்தான் போய்க்கிட்டு இருந்தேன். உங்களுக்குத் தெரியும்ல. நீங்கதான் சாட்சி. பெத்த அப்பன் கிட்டச் சொல்ல முடியாம, முன்ன பின்ன தெரியாத உங்களக் கும்பிட்டுட்டுப் போயிருக்கா.

பொள்ளாச்சியில எறங்குனா உடுமலைக்குத் திரும்ப பஸ்ஸு இருக்குமா? பெட்டிய மட்டும் குடுத்துட்டு வந்துருவேன். ஹாஸ்டல் வாசல்ல வச்சுட்டு, கூப்பிடக் கூட மாட்டேன். அவ துணிமணி எல்லாம் இதுலதான் இருக்கு. அந்த ஓட்டைப் பாத்திரத்த மட்டும் எடுத்துரணும்.

இந்த டப்பாவ என்ன பண்றது இனி? கொஞ்சம் புடிங்க, மூடி இறுகிக் கெடக்கு. ஆங், வந்துருச்சு. கரண்டி எதுவும் இல்லை, கையிலதான். நீங்களும் எடுத்துக்கங்க தம்பி, நான் ஒரு வாய் வச்சுர்றேன். இன்னைக்குத்தான் மொதத் தடவ.

உப்பு இருக்கு. புளிப்பு இல்லை. வெந்தது சரியா இருக்கு. நல்லாத்தான இருக்கு தம்பி? உண்மையச் சொல்லுங்க, எனக்காகச் சொல்ல வேணாம். நீங்களும் ஒரு பொண்ணப் பெத்தவரு. இதுல என்ன குறை?